இருமிவிட்டு நுழையவும்

ஆவரங்குளம் பஞ்சாலைச் சுவர் ஆட்களுக்கு வழிவிடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, எமகண்டம் முடிந்த கையோடு, காலை பத்தரை மணிக்கு. முதன்முதலாக அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் விழுந்தவர் சுவரொட்டி ஒட்டுகிற சங்கிலி. மேலத்தெருப் பக்கம் நின்றுகொண்டு, பசை தடவி, ஒரு கண்ணீர் அஞ்சலித் தாளை நாலு மூலையும் இழுத்து ஒட்டிவிட்டு, நடுவில் காற்று நிற்காமல் இருக்க இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தார். தாள் சுவரில் நின்றது, சங்கிலி நிற்கவில்லை. காலமானவரின் படத்துக்குள் தலைவழியாகப் போய், ஒன்றரை அடிச் செங்கலையும் கடந்து, கீழத்தெருவில் இடியாப்பம் அவித்துக்கொண்டிருந்த மாடத்தியின் அடுப்புக்கு முன்னால் குப்புற விழுந்தார்.

"ஏன்யா, வாரதுன்னா ஒரு சத்தம் குடுத்துட்டு வரக்கூடாதா?" என்றாள் மாடத்தி.

சங்கிலி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவள் கொடுத்த மூன்று இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலோடு சாப்பிட்டார். பசை வாளி அந்தப் பக்கம் இருப்பது நினைவுக்கு வரவும், தொண்டையைச் செருமிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். எங்கள் ஊர் அந்த அதிசயத்துக்குக் காட்டிய வியப்பு மொத்தமே அவ்வளவுதான்.

இதை எழுதுகிற நான் கோமதிநாயகம், மேலத்தெரு, இன்சூரன்ஸ் ஏஜெண்ட், வயது ஐம்பத்திரண்டு, ஆவரங்குளம் வரைபடக் கழகத்தின் மூத்த உறுப்பினர். போட்டி முடிந்ததும் கலந்துகொண்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்பது எங்கள் கழகத்து வழக்கம். மற்றவர்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு அரைப் பக்கம் போதாது, ஏனென்றால் நடந்ததில் பாதிக்கு நான்தான் காரணம்.

கழகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் மூன்று பேர், ஒரு ஃப்ளெக்ஸ் கடையின் மாடி, ஞாயிறு காலை பத்து மணி. கொடிப்பறி என்று ஒரு பழைய கணினி விளையாட்டு இருக்கிறது. இரண்டு அணி, அணிக்கொரு கொடி, எதிராளியின் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். அதை விளையாடுகிறவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். அவர்கள் ஓடுகிற தெருவையும் சந்துபொந்தையும் வரைந்து கொடுக்கிற எங்களைப்போன்ற கிறுக்குகளும் அங்கங்கே இருக்கிறோம். எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிற ஜெபராஜ் எதை வரைந்தாலும் அதில் ஒரு எடைமேடை வரும். நான் எதை வரைந்தாலும் ஒரு கோபுரம் வரும். ஃப்ளெக்ஸ் கடையில் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் தட்டி வடிவமைக்கிற சுடர்க்கொடி மட்டும்தான், உள்ளதை உள்ளபடி வரைவாள். அவள் கீழத்தெருக்காரி. ஏழு வருடமாகப் போட்டிக்கு அனுப்புகிறாள், ஒரு தடவைகூட மூன்றுக்குள் வந்ததில்லை.

இந்த வருடப் போட்டியின் தலைப்பு 'நம்ம ஊர்'. தமிழ்நாடு முழுக்க இருக்கும் எங்களைப்போன்றவர்களிடமிருந்து வந்த படங்கள் பதினொன்று. நடுவர், கோயம்புத்தூரில் பல் டாக்டராக இருக்கும் கனகசபாபதி. ஓட்டை எங்கே இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று பேர்.

எங்கள் ஊர் என்றால் அந்தச் சுவர்தான். ஒன்பது அடி உயரம், முந்நூறு அடி நீளம், மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் பஞ்சாலைக்காரர்கள் எழுப்பியது. பஞ்சு பறந்து மேலத்தெரு வீடுகளுக்குள் வராமல் இருக்க, என்று அப்போது சொன்னார்கள். பஞ்சு ஒன்பது அடிக்கு மேலேயும் பறக்கும் என்பது பஞ்சைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் சுவர் எதைத் தடுக்க வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆலையை மூடி இருபத்தோரு வருடம் ஆகிறது. பஞ்சு நின்றுவிட்டது, சுவர் நிற்கிறது. கீழத்தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வர, குளத்தங்கரையைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டைத் தொட்டு, ஒன்றரை மைல் நடக்க வேண்டும். பேரூராட்சி அலுவலகத்தில் மாட்டியிருக்கும் ஊர் வரைபடத்தில் சுவர் வரைக்கும் தெரு, வீடு, அடிகுழாய் எல்லாம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் 'காலி இடம்' என்று எழுதியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிதான் போட்டிக்குக் கடைசி நேரம். அன்று காலை சுடர்க்கொடி கடையில் படத்தின் கடைசிச் சுவரை வரைந்துகொண்டிருக்கும்போது, அஞ்சலித் தாளைக் கொண்டுபோன வீட்டுக்காரர் திரும்பி வந்து, "எங்க மாமாவுக்கு மீசை இன்னும் கொஞ்சம் முறுக்கலா இருக்கும்மா" என்று நின்றுவிட்டார். அவள் மாமாவுக்கு மீசையை முறுக்கினாள், அச்சுக்கு அனுப்பினாள், ஓடிவந்து மிச்சத்தை வரைந்து முடித்து, சங்கிலி தாளோடு சுவருக்குப் போய்விட்ட நேரத்தில், பத்து இருபத்தொன்பதுக்குப் படத்தையும் அனுப்பினாள். அந்த அவசரத்தில் ஒரு டிக் போட மறந்துவிட்டாள்.

படம் வரைகிற செயலியில் ஒவ்வொரு சுவருக்கும் மூன்று கட்டம் இருக்கும். ஆளைத் தடுக்கவா, வண்டியைத் தடுக்கவா, எறிகிற பொருளைத் தடுக்கவா. மூன்றிலும் டிக் போட்டால்தான் சுவர் முழுச் சுவர். அவள் பின் இரண்டுக்கும் போட்டுவிட்டு முதல் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் அவள் படத்துக்குள் நாங்கள் விளையாடிப் பார்த்தபோது, ஜெபராஜின் ஆள் கொடியோடு சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தான். ஜீப் முட்டி நின்றது. எறிந்த பந்து திரும்பி வந்தது. மூன்று பேரும் ஜன்னல் வழியாக நிஜச் சுவரைப் பார்த்தோம். மூன்று பெண்கள் தண்ணீர்க்குடத்தோடு அதற்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். ஒருவன் சைக்கிளை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போனான்.

"நாந்தான் டிக் போடலை போல," என்றாள் சுடர்க்கொடி, சாயங்காலம் அடுப்பை அணைக்க மறந்தவள் மாதிரி.

"சரி, விடு. இடியாப்பம் இங்கன இருந்தே வாங்கிக்கிடலாம்," என்றான் ஜெபராஜ்.

ஏன் அவள் படத்துக்கு மட்டும் ஊர் கீழ்ப்படிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். என் படத்தில் கோபுரத்தை நூற்றிருபது அடி உயர்த்தியிருந்தேன். ஊர்க் கோபுரம் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று அன்று சொன்னேன்.

சுவர் மாறியதற்கு ஊர் தன்னைத்தானே மாற்றிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஆள் வரும், எதிரே வருகிறவர் தெரியமாட்டார், முதல் வாரம் ஊரில் பாதிப் பேர் நெற்றியில் புடைப்போடு அலைந்தார்கள். அதனால் நுழையும் முன் இரும வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது, யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, சங்கிலி தான்தான் என்கிறார். ஒரு இருமல் என்றால் ஆள் வருகிறது, இரண்டு என்றால் குடத்தோடு வருகிறது, மூன்று என்றால் நீங்கள் முதலில் வாருங்கள். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட நேரத்தில் அந்தச் சுவர் பக்கமாகப் போனால் சுவரே காசநோய் கண்டு கிடக்கிறது என்று நினைப்பீர்கள். சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து, இத்தனை பேர் இருமுகிற ஊரில் ஒருவருக்கும் நோய் இல்லையே என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். தொண்டை கட்டிப் பேச்சே வராமல் கிடந்த அய்யர் வீட்டு மாமா, இருமத் தெம்பில்லாமல், கைமணி ஒன்றை வாங்கி ஆட்டிக்கொண்டு போனார்.

சுவர் ஓரமாக ஒதுங்குகிற ஆண்களின் பாடுதான் பரிதாபம். நாற்பது வருடமாக ஆதரவாகச் சாய்ந்து நின்ற இடத்தில் சாய முடியவில்லை. சாய்ந்தால் பாதிக் காரியத்தில் கீழத்தெருத் தண்ணீர்க்குழாய் வரிசைக்கு நடுவே போய் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் அப்படிப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தபின் ஊரில் அந்தப் பழக்கமே ஒழிந்தது. பேரூராட்சி எழுதி எழுதிப் பார்த்தும் ஒழியாத பழக்கம். பையன்கள் சுவரை விக்கெட் கீப்பராக வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள், பந்து திரும்பி வரும், ஓட்டம் எடுக்கிறவன் நிற்காமல் அந்தப் பக்கம் போய்விட்டால் அவுட்டா இல்லையா என்று இன்றுவரை சண்டை. ஆடுகள் மட்டும் போகவில்லை. ஆடு ஆளா வண்டியா எறிபொருளா என்பதைச் செயலி எந்தக் கணக்கில் வைத்திருக்கிறது என்று எங்களுக்கும் தெரியவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு போனால் போனது.

பஞ்சாலை டிரஸ்ட்டின் மேனேஜர் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். கொத்தனார் சுத்தியால் தட்டினார், ரசமட்டம் வைத்தார், தூக்குக்குண்டு விட்டார், கடைசியில் உள்ளே போய் அந்தப் பக்கமிருந்து ஒரு டீயோடு திரும்பி வந்து, "சொவத்துல ஒரு கொறையும் இல்லீங்க, நல்ல கட்டுமானம்," என்று சொல்லிவிட்டார்.

எல்லோரையும்விடச் சங்கடம் எங்கள் மேலத்தெருப் பெரியவர் ஆவுடைநாயகத்துக்குத்தான். ஓய்வுபெற்ற சார்பதிவாளர், ஒழுங்கில் ஒரு மயிரிழை பிசகாதவர். சுவரைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று முதல் நாளே மனு எழுதினார். ஆனால் இடியாப்பத்தின் வாசனை சுவரைத் தாண்டுவதற்கு எந்தக் கட்டத்திலும் டிக் தேவைப்படவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அவர் தினமும் மாலை நாலு மணிக்கு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரே ஒரு மெல்லிய இருமலோடு உள்ளே போனார். மூடிய முகத்தைப் பார்க்காத மாதிரி நாங்களும், மூடாத முகங்களைப் பார்க்காத மாதிரி அவரும் நடந்துகொண்டோம்.

நான் போகவில்லை. கிளையண்ட் இருக்கிறார், வெயில் இருக்கிறது, எனக்கு இருமல் வரவில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. சுவருக்கு இருபதடி தள்ளி ஐம்பத்திரண்டு வருடமாக இருக்கிறவனுக்கு அவசரம் என்ன.

அதற்குப் பதிலாக நான் செய்தது இது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே, சாப்பிட்டுவிட்டு, டாக்டர் கனகசபாபதிக்கு ஒரு கடிதம் தட்டி அனுப்பினேன். 'நடுவர் அவர்களின் மேலான கவனத்துக்கு, சக உறுப்பினர் என்ற கடமையின் பேரில்' என்று தொடங்கி, சுடர்க்கொடியின் படத்தில் ஆள் சுவருக்குள் நுழைகிறது என்பதைப் பட ஆதாரத்தோடு தெரிவித்தேன். கடமை என்று அப்போது மனதாரத்தான் நம்பினேன். அவள் படம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் அந்தக் கடிதத்துக்குக் காரணம் என்று இப்போது எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. மாடியில் மூன்று பேரும் ஒலிபெருக்கியைச் சுற்றி உட்கார்ந்து டாக்டரின் குரலைக் கேட்டோம்.

"முதல் பரிசு சுடர்க்கொடிக்குத்தானுங்க. வேற பேச்சே இல்லை. ஆனா பாருங்க, நடுச் சொவத்துல ஒரு ஓட்டை. நானே கவனிக்கலை, உங்க கோமதிநாயகம் சார்தான் சொன்னாரு. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அதைச் சரிபண்ணிக் குடுத்துப்போடுங்க, படம் நிரந்தரப் பட்டியல்ல ஏறிரும். இல்லீன்னா கடைசி இடம். ரெண்டாவதா வந்த கோமதிநாயகம் சார் படம் முதலுக்கு வரும். அவரு படத்துல பிழையே இல்லீங்க, சொத்தை இல்லாத பல்லாட்டம் சுத்தமா இருக்குது."

நிரந்தரப் பட்டியல் என்றால், கொடிப்பறி விளையாடுகிற யார் வேண்டுமானாலும், பிரேசிலில் இருக்கிறவன்கூட, அந்தத் தெருவில் ஓடலாம். ஓரத்தில் தெருவின் பேர் எழுதியிருக்கும்.

சுடர்க்கொடி என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். "ஒரு படத்துலயாவது எங்க தெருப் பேரு ஏறட்டும்னுதான் அண்ணாச்சி, ஏழு வருசமா வரையுதேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனாள். ஜெபராஜ் நாற்காலியை என்னிடமிருந்து அரையடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

டிக் போட்டால் சுவரும் இறுகிவிடும் என்று ஊரில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புதன்கிழமையிலிருந்து ஃப்ளெக்ஸ் கடைக்கு ஆள் வந்தவண்ணம் இருந்தது. அதிலும் வேடிக்கை, கீழத்தெருக்காரர்கள் வந்து, "நீ ஜெயிச்சுக்க தாயி, நாங்க பழையபடி சுத்திப் போய்க்கிடுதோம்," என்றார்கள். மேலத்தெருக்காரர்கள் வந்து, "ஒழுங்குன்னா மூடணும்தான், ஆனா அவசரம் ஒண்ணுமில்லை பாத்துக்க," என்றார்கள். பேரூராட்சிக்குக் கொடுத்த மனுவின் நிலவரத்தை, கடைதான் அலுவலகம் என்பதுபோல, விசாரிக்க வந்த ஆவுடைநாயகம், மனுவைத் திரும்பப் பெற என்ன நடைமுறை என்றும் விசாரித்துவிட்டுப் போனார்.

என் தப்புக்குப் பரிகாரமாக ஒரு யோசனை கொண்டுபோனேன். படத்தில் சுவருக்கு நடுவே ஒரு கேட் வரைந்துவிட்டால் என்ன? கேட் பிழை இல்லை. சுவரும் சுவராக இருக்கும், வழியும் வழியாக இருக்கும், பரிசும் கிடைக்கும். சுடர்க்கொடியின் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. கடையில் இடியாப்பத் தூக்கோடு உட்கார்ந்திருந்த மாடத்திதான் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. கேட்டுன்னு ஒண்ணு வந்தா பூட்டுன்னு ஒண்ணு வரும். பூட்டு வந்தா சாவி யாராவது ஒருத்தர் இடுப்புலல்லா இருக்கும்? அது எங்க இடுப்பா இருக்காது."

கேட் வரைந்து கொண்டுபோயிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு டாக்டர் கனகசபாபதி காரில் நேரில் வந்து இறங்கினார். ஒரு படத்தில் பிழையைத் திருத்த ஒரு ஊரே இவ்வளவு யோசிக்கிறது என்றால் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அப்பாயின்ட்மென்ட்டையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். சுவரைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து விரிசலுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு சங்கிலி கற்றுக்கொடுத்தபடி இருமிவிட்டு உள்ளே போய், கால்மணி நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஓட்டைதானுங்க," என்றார். "நல்ல ஓட்டை. ஆனா விதி விதிதானுங்களே. அஞ்சு வரைக்கும் டைம் இருக்குது."

மாடியில் சுடர்க்கொடி கணினி முன் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் டாக்டரும் நாங்களும். காலிக் கட்டத்தின் மேல் அம்பு நின்றது. படிக்கட்டு முழுக்க ஆட்கள், தெரு முழுக்க ஆட்கள், ஒருவரும் இருமவில்லை. நாலரை ஆயிற்று. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முப்பது வருடம் பத்திரம் படித்துப் பழகிய கணீர்க் குரல் கேட்டது.

"ஏய், யாரும் எதையும் தொட்டுறாதீங்க! நான் இன்னும் இங்கனதான் இருக்கேன்! முட்டியை வச்சுக்கிட்டு ஒன்றரை மைல் என்னால சுத்தி வர முடியாது!"

மேலத்தெரு மொத்தமும் சிரித்தது. முகத்தில் துண்டு இல்லாமல், கையில் இலையோடு, ஆவுடைநாயகம் சுவரைக் கடந்து வந்தார். வந்தவர் சிரிப்பைப் பார்த்துவிட்டு, இலையில் மிச்சம் இருக்கிறது என்று சொல்லித் திரும்பவும் உள்ளே போனார்.

சுடர்க்கொடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்பை நகர்த்தி, படத்தை மூடினாள். "கடைசி இடம் போதும் டாக்டர் சார்," என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவள் மறைக்கவில்லை.

"அப்போ முதல் பரிசு கோமதிநாயகம் சாருக்குங்க," என்று டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கையைக் குலுக்கும்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நானும் 'நம்ம ஊர்' வரைந்திருந்தேன். என் படத்திலும் அந்தச் சுவர் இருக்கிறது. மூன்று கட்டத்திலும் டிக் போட்ட, பிழையே இல்லாத சுவர். கடைசி இடத்துப் படத்தின் பேச்சைக் கேட்ட ஊர், முதல் இடத்துப் படத்தின் பேச்சைக் கேட்காது என்று யார் சொல்ல முடியும்?

"டாக்டர், எனக்கும் அஞ்சு வரைக்கும் திருத்த நேரம் உண்டுல்லா?" என்று கேட்டேன்.

"உண்டுங்க. ஆனா திருத்த ஒண்ணுமே இல்லீங்களே?"

பக்கத்துக் கணினியில் என் படத்தைத் திறந்து, சுவரைத் தொட்டு, முதல் டிக்கை எடுத்தேன். டாக்டர் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி முனகினார். ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் ஒரே சுவரில் முதல் பரிசை விட்டெறிவதை அவர் பார்த்ததில்லையாம். மூன்றாவதாக வந்திருந்தது ஜெபராஜின் எடைமேடை, அதில் சுவரே கிடையாது. அவனுக்குப் பரிசு கிடைத்த செய்தி உறைக்கவே வெகுநேரம் ஆயிற்று.

நான் படத்தை மூடப் போனேன். சுடர்க்கொடி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் கோபுரம், என் தெரு, ஒவ்வொரு வீட்டுக் கதவின் நிறமும் அச்சு அசலாக. அந்தப் பக்கம் வெறும் பழுப்பு. பேரூராட்சிப் படத்தைப் பார்த்துத்தான் வரைந்திருந்தேன். அதன் மேல் நானே, அழகான எழுத்தில், 'காலி இடம்' என்று எழுதியிருந்தேன்.

பிழையே இல்லாத படம் என்று டாக்டர் சொன்னபோது கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவன் நான்.

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லாமல் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக.

"நாலு நாப்பதுதான் அண்ணாச்சி ஆகுது," என்றாள் சுடர்க்கொடி. "போய்ப் பாத்துட்டு வந்து வரையுங்க. நான் முன்னால போறேன்."

அவள் படியிறங்கி, ஒரு இருமல் இருமிவிட்டுச் சுவருக்குள் போய்விட்டாள். நான் சுவர் முன்னால் நின்றேன். மீசை முறுக்கிய மாமாவின் அஞ்சலித் தாள் வெயிலில் வெளுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இருமிப் பார்த்தேன், வரவில்லை. வாழ்நாளெல்லாம் வேண்டாத இடத்திலெல்லாம் வந்த இருமல், தொண்டைக்குள் எங்கோ டிக் போட்ட மாதிரி நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் குடத்தோடு இரண்டு பேர் வந்து காத்து நின்றார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று இருமல் கேட்டது, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு மாடத்தியின் குரல்.

"யாருய்யா அது, சொவரு மாதிரி வழியை மறிச்சுக்கிட்டு நிக்கது?"

நான் இருமினேன்.